உங்களுக்குத் தெரியுமா? ஆக்கர் கடை ஆயுதங்கள்

மார்த்தாண்டம் சந்தையைப் பழைய ஆட்கள் இன்றும் தொடுவெட்டிச் சந்தை என்றே சொல்வார்கள். மரச்சீனியும் ஏத்தன்குலையும் வாங்கப் போகிறவர் கண்ணில் வழியில் ஒரு ஆக்கர் கடையாவது படாமல் போகாது. மற்ற ஊர்களில் அதைப் பழைய இரும்புக்கடை என்பார்கள். கம்பித் துண்டு, சைக்கிள் ரிம், உடைந்த பம்புசெட் இவற்றுக்கு அடியில் துருவேறிக் கிடக்கிற ஒரு கத்தி எதற்கானது, எந்தக் காலத்தது, எந்தக் கை பிடித்தது? பாதி பதில் அந்தக் கத்தியின் மேலேயே இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கும் அவசரத்தில் நாம்தான் அதை அழித்துவிடுகிறோம்.

● மெல்லிய அலகு, நல்ல வளைவு, சவரக்கத்தி போலக் கூர். சந்தையில் இதைப் பார்த்துக் கதிர் அரிவாள் என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அது பனையேறியின் பாளை அருவா. கதிர் அரிவாளில் பெரும்பாலும் பல் இருக்கும். பாளை அருவாவில் இருக்காது. பாளையின் நுனியை நாள்தோறும் ஒரு சீவல் மட்டும், இழை பிசகாமல் எடுப்பதுதான் அதன் வேலை. தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், அக்கானியும் (பதநீர்) அத்தோடு நிற்கும். பனையேறிகள் இதை வெறும் கல்லில் தீட்டுவதில்லை. மரப்பலகையில் கல்பொடி தூவி, அதன் மேல் இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். அதனால் பழைய பாளை அருவாவின் வாயில் சாணைச்சக்கரத்தின் கோடுகள் இருக்காது. கோடு இருந்தால், பனையை விட்டு வேறு வேலைக்குப் போன அருவா அது.

● பனையேறியின் சாமான்களில் அருவாதான் அதிகம் கிடைக்கிறது, காரணம் அது இரும்பு. அருவாவைச் செருகிவைக்கும் அருவாப்பெட்டி, காலில் மாட்டும் திளாப்பு, மரத்தில் சாய்த்துவைத்து முதல் எட்டு ஏறும் முருக்குத்தடி, பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு எல்லாம் நாரும் மரமும். வேலை நின்றதும் அவை அடுப்புக்குப் போய்விட்டன. இடுக்கி போல இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய கடிப்பு எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடலாம். இரும்புக்கடைக்காரருக்கு அது விறகு. பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக 1978இல் அறிவிக்கப்பட்டதை நினைத்தால், அதன் கருவிகளுக்கு இந்த மரியாதைதான் என்பது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

● கத்தியும் சுத்தியலும் கிடக்கும் குவியலில் வழவழவென்று ஒரு பெரிய எலும்பு கிடந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் ஆயுதம்தான். தென்னங்கள் இறக்குகிறவர்கள் பாளையை மெதுவாகத் தட்டித்தட்டிப் பதம் செய்ய மாட்டெலும்பைப் பயன்படுத்துவது கேரளத்து வழக்கம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கள்ளுக்கடை. எல்லைக்கு இந்தப்பக்கம் எலும்பு ஆக்கர் கடைக்கு வருகிறது, அந்தப்பக்கம் இன்னும் மரமேறுகிறது.

● நுனி மட்டும் மடங்கி, பள்ளமாகக் கூர்வைத்த சிறு கத்தி எது? சிற்ப உளி என்று நினைத்து வாங்குவார்கள். குலசேகரம், திற்பரப்பு பக்கத்து ஆளிடம் காட்டினால் சிரித்துவிடுவார்: ரப்பர் பால்வெட்டுக் கத்தி. இந்தியாவில் பரவலாக இருப்பது மிச்சி கோலஜ் என்ற வகை. மலேசியாவில் புழங்கும் ஜெபோங் என்ற வகையும் இங்கே உண்டு. பட்டையை வெட்ட வேண்டும், ஆனால் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை மிச்சம் விட்டு நிறுத்துவதில்தான் வெட்டுகாரரின் திறமை. வெட்டு இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும், ஒட்டுமரத்தில் சுமார் 30 டிகிரி. பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடுவதால் இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகம் குழாய்கள் அறுபடும். தீட்டித் தீட்டிக் குறுகிப்போன கத்தி உண்மையாக உழைத்த கத்தி. நுனி முழுதாக இருக்கிற ‘பழைய’ கத்தி பெரும்பாலும் பரணில் கிடந்தது.

● கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, தேய்மானத்தை. உளியிலும் வாய்ச்சியிலும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும். வெட்டுகத்தியில் அப்படி ஒருபக்கச் சரிவு இருந்தால், அது எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலதுகைக்காரருக்குச் செய்ததா இடதுகைக்காரருக்குச் செய்ததா என்று தெரிந்துவிடும். இடதுகைக் கத்தி அபூர்வம். கொல்லர் அதை ஆளைப் பார்த்தே அடித்திருப்பார்.

● காம்பை நம்பாதீர்கள். இரும்புத் தலை மூன்று தலைமுறை இருக்கும், காம்பு அத்தனை காலம் தாங்காது. மம்பட்டியின் வயதைக் காம்பை வைத்துச் சொல்கிறவர் விற்கிறவராகத்தான் இருப்பார்.

● பழைய தேனிரும்பு துருப்பிடிக்கும்போது மரம் போல இழை இழையாகப் பிரியும். அந்தக் காலத்தில் இரும்பைக் காய்ச்சி அடித்துக் கசடு நீக்குவார்கள். மிச்சமிருக்கும் கசடு அடிக்க அடிக்க நூலாக நீண்டு உள்ளேயே படிந்துவிடும். துரு அந்த நூல்களின் வழியே ஓடுகிறது. இன்றைய எஃகில் இந்த இழை கிடையாது. துரு புள்ளி புள்ளியாகக் குழி விழும். உலைக்களங்களில் இப்போது கத்திக்குப் போவது பெரும்பாலும் லாரியின் வில்பட்டை. அது கார்பன் நிறைந்த நல்ல எஃகு, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘நூறு வருஷத்துக் கத்தி’ என்று சொல்லி அதை விற்றால் நம்ப வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் கண்ணில் படாத ஒரு மூலையைச் சாணைச்சக்கரத்தில் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். தேனிரும்பின் பொறி நீண்ட கோடாகப் போகும். கார்பன் கூடிய எஃகின் பொறி பாதிவழியில் பூவாக வெடித்துச் சிதறும். வாயில் மட்டும் தொட்டுவிடாதீர்கள். சூடேறி எஃகு வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று மாறிச் சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலமாகும். நீலம் கண்ட வாய் பழைய கூர்மையைத் தாங்காது. கொல்லர் தோய்ச்சல் போட்ட பிறகு இந்த நிறங்களைப் பார்த்துத்தான் பதம் பிடிப்பார். அவருக்கு வெப்பமானி அந்த நிறங்கள்தான்.

● இரும்பைப் பற்றிப் பேசும்போது தெற்கத்திக்காரருக்குக் கொஞ்சம் தலை நிமிரும், நிமிரட்டும். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த இரும்புப் பொருள்களில் ஆயுதங்களோடு தொழில்கருவிகளும் உண்டு. அதே தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில் கிடைத்த இரும்புக்கு ஆய்வகங்கள் கணித்த காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது.

● கருவியில் அடித்திருக்கும் ஊர்ப்பெயர் ஒரு நாள்காட்டி. ‘ஜெர்மனி’ என்று இருந்தால் பெரும்பாலும் 1887க்குப் பிந்தியது: அந்த ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த வணிகக்குறிச் சட்டம்தான் அந்நியச் சரக்கில் நாட்டின் பெயரைப் போட வைத்தது. ஷெஃபீல்டு கத்திகளின் பெயரில் போலிகள் வருவதைத் தடுக்க நினைத்தார்கள்; கடைசியில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்பதே தரத்துக்கு விளம்பரமாகிப் போனது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் 1955க்கு முன் போகாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. கடைக்காரர் பெயர் பொறித்த தகடோ, பெட்டியில் ஒட்டிய விலாசமோ கிடைத்தால், அதில் எந்த ராஜ்யம் என்று பாருங்கள். வெறும் ‘திருவிதாங்கூர்’ என்றால் 1949 ஜூலைக்கு முன். ‘திருவிதாங்கூர்-கொச்சி’ என்றால் 1956 நவம்பர் 1க்கு முன். ‘மதராஸ் மாகாணம்’ அல்லது ‘சென்னை ராஜ்யம்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன். அஞ்சல் பின்கோடு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. கடை இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், ராஜ்யம்தான் மூன்று முறை பெயர் மாறியது.

● இழைப்புளிகளில் எளிதாக வயது சொல்லக்கூடியது ஸ்டான்லி. அமெரிக்கத் தயாரிப்பின் அடிவார்ப்பில், அலகுக்குப் பின்னால், 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்டு 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்தால் அது 1910ஐ ஒட்டிய எட்டு ஆண்டுகளில் வார்த்தது. ஸ்டான்லி என்ற பெயரோடு ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தால் 1930களின் பிற்பாதிக்கு முன் போகாது. எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் போட்டு 04, 05 என்று நீல வண்ணத்தில் வந்தால் ஷெஃபீல்டின் ரெக்கார்டு. அவர்கள் இழைப்புளி செய்யத் தொடங்கியது 1931. இதே உருவத்தை இந்தியாவின் அனந்த் போன்ற நிறுவனங்களும் வார்த்தன. ஒன்றின் அலகு, இன்னொன்றின் உடல், மூன்றாவதன் திருகு என்று சேர்த்துக்கட்டிய கலவைகளே சந்தையில் அதிகம். வேலைக்கு வாங்குகிறவருக்கு அதில் நஷ்டம் இல்லை. சேகரிப்புக்கு என்றால் ஒவ்வொரு பாகத்திலும் பெயரைத் தேடுங்கள்.

● முதலைச் சின்னம் இருந்தால் ஒரே கம்பெனி என்று முடிவு கட்டாதீர்கள். உல்வர்ஹாம்டனின் சில்லிங்டன் மம்பட்டிக்கும் முதலை, பர்மிங்காமின் மார்டின்டேல் வெட்டுகத்திக்கும் முதலை. இரண்டும் காலனி நாடுகளின் தோட்டங்களுக்காகவே கப்பல் கப்பலாக அடித்தவை. டாடாவின் அக்ரிக்கோ மம்பட்டியும் கோடாலியும் 1920களில் அந்தச் சந்தையில் நுழைந்தன.

● பக்கங்களில் கோடுகள் கீறிய ஒரு மரச்சட்டம், நீளம் 72 செ.மீ. அளவில். ஸ்கேல் என்று பார்த்தால் அங்குலமும் பொருந்தாது, சென்டிமீட்டரும் பொருந்தாது. அது தச்சரின் கோல். ஒரு கோலுக்கு 24 விரல். ஒரு விரல் ஏறத்தாழ 3 செ.மீ.; ஒரு விரலுக்கு 8 யவம். மலையாளத் தச்சுமுறையில் வீடு இந்த அளவில்தான் எழும்பும். பக்கத்தில் தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் மீட்டர் டேப்போடு இந்தக் கணக்கையும் கொண்டுபோனால் தூண் இடைவெளிகள் வேறுவிதமாகப் பேசும். மெட்ரிக் முறைக்கான எடையளவுச் சட்டம் 1956இல் வந்தது. தச்சரின் கணக்கு அத்தோடு மாறிவிடவில்லை.

● வெள்ளிக்கோல் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு சின்னச் சோதனை. ஒரு முனை பருத்த தடி, மறு முனையில் தட்டோ கொக்கியோ. நகர்த்தக்கூடிய கயிற்று வளையத்தில் தூக்கிப் பிடித்து, தடி கிடையாக நிற்கும் இடத்துக் கோட்டைப் படித்தால் எடை தெரியும். இதில் கோடுகள் சம இடைவெளியில் இருக்கவே முடியாது. எடை கூடக்கூட வளையம் தட்டை நோக்கி நகரும், கோடுகளும் நெருங்கிக்கொண்டே வரும். சம இடைவெளியில் கோடு போட்டிருந்தால் அது வரவேற்பறை அலங்காரத்துக்காகச் செய்தது.

● மடக்குக்கத்தி மாதிரி இருக்கும், விரித்தால் ஒரு பக்கம் சிறு அலகு, மறுபக்கம் ஊசி. மடக்கெழுத்தாணி. அலகு ஓலையை நறுக்க, ஊசி எழுத. தலை குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. கணக்குப்பிள்ளைகளும் வைத்தியர்களும் ஜோசியர்களும் வைத்திருந்தது. மலையாளக் கடைக்காரர்கள் நாராயம் என்று விலை சொல்வார்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சுக்கூடம் 1820 வாக்கில் தொடங்கிய பிறகும் எழுத்தாணிக்கு நெடுங்காலம் வேலை இருந்தது.

● ஒரு கணித மேதை பாக்குவெட்டி சேர்த்தார் என்றால் நம்புவீர்களா? கணிதத்தில் வகைமைக் கோட்பாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான சாமுவேல் ஐலன்பெர்க் ஆசியச் சிற்பங்களைச் சேர்த்தவர். தம் சேகரிப்பின் ஒரு பகுதியை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு 1987இல் கொடுத்தார். அவருடைய பாக்குவெட்டிகளைப் பற்றி மட்டுமே ஹென்றி பிரவுன்ரிக் தனிப்புத்தகம் எழுதியிருக்கிறார். புனேயின் கேல்கர் அருங்காட்சியகத்திலும் பாக்குவெட்டிகளுக்குக் குறைவில்லை. கிளி, குதிரை, ஜோடிப் பெண்கள் என்று உருவம் வைத்தவற்றுக்குத்தான் கிராக்கி. எனக்கென்னவோ, அலங்காரமே இல்லாமல் ஆணியிடத்தில் ஆட்டம் கொடுக்காத சாதாரண இரும்புப் பாக்குவெட்டிதான் நல்ல கொல்லர் வேலையாகப் படுகிறது.

● ஆறு பக்கமும் அரைவட்டக் குழிகள் கொண்ட பித்தளைக் கட்டையைத் தாயக்கட்டை என்று ஒருவர் விற்பதைப் பார்த்தேன். தட்டார் பட்டறைச் சாமான் அது: தகட்டைக் குழியில் வைத்துத் தட்டினால் பாதி மணி, இரண்டைப் பற்றவைத்தால் முழு மணி. கூடவே, வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் கொண்ட எஃகுத் தகடு இருந்தால் அது கம்பி இழுப்பது. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகை வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு.

● விரல் நீளக் கடைசல் குச்சிகள், கழுத்தில் நூல் சுற்றப் பள்ளம், டஜன் கணக்கில் ஒரே பையில். லேஸ் பின்னும் குச்சிகளாக இருக்கலாம். மிஷனரி மால்ட்டின் மனைவி 1820களில் நாகர்கோவிலில் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் அது பெண்களின் கைத்தொழிலாக நிலைத்தது.

● சிறு துருத்தி பொருத்திய மூக்குள்ள தகரக்குடுவை, கொல்லர் துருத்தியின் குட்டி அல்ல. தேனீப் பெட்டியில் புகை ஊதுவது. அமெரிக்காவில் மோசஸ் குவின்பி 1870களில் இந்த உருவத்தைக் கொடுத்தார். உள்ளே சட்டங்கள் சுழலும் பீப்பாய் இருந்தால் தேனெடுக்கும் கருவி, ஹ்ருஷ்கா 1865இல் கண்டுபிடித்த கொள்கைதான். இவை மார்த்தாண்டத்தில் ஏராளமாகப் புழங்கியதற்குக் காரணம் 1920களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச். நம் நாட்டுத் தேனீ சிறியது, ஐரோப்பியப் பெட்டி அதற்குப் பெரிது. அளவு குறைத்துச் செய்த பெட்டி ‘மார்த்தாண்டம் பெட்டி’ என்றே பெயர் வாங்கியது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியக் கூடுகளை வாரிக்கொண்டு போனது. மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றது 2023இல். பழைய பெட்டி கிடைத்தால் சட்டத்தின் அளவை எடுத்துக் குறித்துவையுங்கள், பெட்டியின் வகை அதில்தான் தெரியும்.

● கருவி சேகரிப்பின் பித்து எப்படிப் பிடிக்கும் என்பதற்கு ஹென்றி மெர்சர் கதை போதும். 1897இல், பென்சில்வேனியாவில், கணப்படுப்புக்கு ஒரு பழைய இடுக்கி தேடிப் பழஞ்சாமான் வியாபாரி ஒருவரின் இடத்துக்குப் போனார். குவியலைப் பார்த்ததும் இவை ஒரு நாட்டையே கட்டிய கருவிகள் ஆயிற்றே என்று தோன்ற, வாங்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. அவற்றை வைக்க டாய்ல்ஸ்டவுனில் ஆறடுக்குக் கான்கிரீட் கட்டடமே 1916இல் எழுந்தது. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய பழந்தொழில்கள் சங்கம் ஒன்று, ‘இது என்ன?’ என்று படம் போட்டு உறுப்பினர்களைக் கேட்பதை வழக்கமாகவே வைத்திருந்தது. நமக்கு அந்தச் சங்கம் தேவையில்லை, டீக்கடை பெஞ்சில் இரண்டு பாட்டாக்கள் போதும். ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்தாமல் விடமாட்டார்.

● இரண்டு மழைக்காலமும் கடல்காற்றும் உள்ள மாவட்டத்தில் துருவோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும். ஆனால் கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் கடைசி ஆயுதம். கொல்லரின் குறி, சொந்தக்காரர் கொத்திய எழுத்து எல்லாம் துருவுக்கு அடியில் மயிரிழை ஆழத்தில்தான் இருக்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கருவியை எதிர்முனையாகவும் வேண்டாத இரும்புத்துண்டை நேர்முனையாகவும் வைத்து பேட்டரி சார்ஜரில் இணைத்தால் துரு தானாகத் தளரும், குறி தப்பும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகு கூடவே கூடாது, நச்சான குரோமியம் கரைந்து வரும். திறந்த வெளியில் செய்யுங்கள், வெளிவருவது ஹைட்ரஜன். பிறகு எண்ணெய், பெட்டியில் ஒரு கட்டி சூடம். சூடம் போட்டு வைக்கும் வழக்கம் மேல்நாட்டுத் தச்சர்களிடமும் உண்டு.

● கடைசியாகச் சட்டம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்வாய்களை ஆயுதச் சட்டத்தின் விதிகள் தனிவகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வெட்டுகத்தி தப்பிக்கும், கைத்தடிக்குள் ஒளிந்திருக்கும் வாள் தப்பிக்காது. நூறு வயதைத் தாண்டிய கைத்தொழில் பொருளும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகலாம். வளைகுடாவிலிருக்கும் மகனுக்கு அனுப்ப நினைத்தால் படம் மட்டும் அனுப்புங்கள், தொல்பொருளைத் தனியார் நாடுகடத்தக் கூடாது. தோட்டத்தில் குழி தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் அது வேறு சட்டம், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய், 1878இல் போட்ட கணக்கு.